குரங்காடுதுறை

ஆடுதுறையின் பெயரிலிருந்து ஒரு மிருகம் காணாமல் போயிருக்கிறது. தேவாரம் பாடியவர்களுக்கு இந்த ஊர் தென்குரங்காடுதுறை. காவிரிக்கு வடக்கே, கும்பகோணத்திலிருந்து திருவையாறு போகிற சாலையில் இன்னொன்று, வடகுரங்காடுதுறை. அங்கே வாலி பூஜித்தான், இங்கே சுக்ரீவன் பூஜித்தான் என்கிறது ஸ்தல புராணம். சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிக்கு ஆற்றின் இரு கரைகளில் பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிற்பாடு ரயில் வந்தது, 1922இல் நெல் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. ஊரின் பெயரில் குரங்கு இல்லை. இதே வட்டாரத்தில் கபிஸ்தலத்துக்கு இந்தக் கதி நேரவில்லை. கபி என்றாலும் குரங்குதான். சமஸ்கிருதத்தில் சொன்னால் ஸ்தலம், தமிழில் சொன்னால் கூச்சம்.

இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு தகரக் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்குப் பின்புறம் ஓடாத ரைஸ் மில் ஒன்று இருக்கிறது. அதன் கூரையில் இருபது இருபத்தைந்து குரங்குகள் கொண்ட ஒரு கூட்டம். நம் ஊர் நாட்டுக் குரங்குதான். உச்சந்தலையில் வகிடெடுத்துக் குல்லாய் கவிழ்த்தது போல மயிர் இருக்குமே, அது. நாங்கள் சாப்பிடும் அறையின் ஜன்னல் அந்தக் கூரையைப் பார்த்து இருக்கிறது. ஒரு பங்குனியில் பார்க்க ஆரம்பித்து அடுத்த பங்குனி வரைக்கும் ஒரு முழு வருஷம், மதியம் அரை மணி நேரம், நான் அதைப் பார்த்தேன். சக ஊழியர்கள் இதை இலக்கியவாதியின் கிறுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் பெரிய ஆணைத் தாட்டான் என்பார்கள். இந்தத் தாட்டானுக்கு இடது காது கிழிந்திருக்கும். நான் பார்க்க ஆரம்பித்த பங்குனியில் கூரையெங்கும் புதுக் குட்டிகள். கறுத்த மயிரோடு தாயின் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு கிடந்தன. தாட்டான் முகட்டில் உட்கார்ந்து இன்னொரு ஆணுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அது இதற்குப் பார்த்தது. பெட்டைகள் பக்கத்திலேயே போய்வந்தன. தாட்டான் தலையைக்கூடத் திருப்பவில்லை. சித்திரை, வைகாசி, ஆனி முழுக்க இப்படியேதான்.

"இவ்வளவு பெரிய ஆளு, சும்மாவே உக்காந்திருக்கே" என்றேன் ஒருநாள், தேநீர் கொண்டுவந்த எங்கள் கடைநிலை ஊழியரிடம். பக்கத்துக் கிராமத்துக்காரர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது.

"அதுக்கு இப்பக் காலம் இல்ல சார். மழை எறங்கட்டும், அப்பப் பாருங்க கூத்த."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஆவணிக் கடைசியில் தாட்டானின் நடையே மாறிற்று. ஒரு பெட்டையைப் பார்த்து எழுந்து அதன் பின்னாலேயே போயிற்று, முகர்ந்தது. பங்குனியில் பேன் பார்த்த அதே சிநேகிதனைப் பல்லைக் காட்டித் துரத்தியது. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் கூரை அதிர்ந்துகொண்டே இருந்தது. கார்த்திகை அடைமழையில் மெல்ல அடங்கியது. ஐந்தரை மாதம் கழித்து, மாசி பங்குனியில், மறுபடியும் கூரையில் கறுத்த குட்டிகள். வயல்களில் சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் போர் போட்டிருந்த சமயம்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை. இதைச் சொல்லாமல் நான் ஏன் குரங்கைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

ஏழு வருஷத்தில் என் மனைவி போகாத இடமில்லை. திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய் மந்திரித்து வாங்கி நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டாள். கல்யாண மண்டபங்களில், வளைகாப்புகளில், எங்கே போனாலும் 'விசேஷம் ஒண்ணும் இல்லையா?' என்ற கேள்வி அவளிடம்தான் கேட்கப்பட்டது. என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. என்னிடம் டெபாஸிட் வட்டி பற்றிக் கேட்டார்கள். மலடி என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. ஒரு வாயிலிருந்தும் நான் அதைக் கேட்டதில்லை.

ஒரு தை மாதத்தில், டாக்டர் சொன்னதன் பேரில், நான் மட்டும் கும்பகோணம் போய் ஒரு பரிசோதனை செய்துகொண்டேன். மறுநாள் காகிதம் வந்தது. எண்ணிக்கை இருக்க வேண்டிய அளவுக்கு வெகுவாகக் குறைவு. "ஒரு ரிப்போர்ட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தரம் பாப்போம்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தேன். அவள் கேட்டாள். "எல்லாம் சரியாத்தான் இருக்காம்" என்றேன். காகிதத்தை, பழைய பத்திரிகை இதழ்கள் வைத்திருக்கும் அலமாரியில், அவள் கைவைக்காத இடத்தில் செருகினேன். அதற்கப்புறம் நான் அந்த டாக்டரிடம் போகவில்லை. தஞ்சாவூரில் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் கேட்டபோதும் 'பார்த்தாச்சு, நார்மல்' என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அவளுக்கு மாத்திரைகளும் ஊசிகளும் எழுதித் தந்தார்.

அந்தப் பங்குனியில்தான் ஜன்னல் வழியாகத் தாட்டானைப் பார்க்க ஆரம்பித்தேன். ஓர் ஆண், உடம்பில் குறையில்லாதது, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது, அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு படிக்க ஆரம்பித்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இந்த மாதிரிக் கட்டுரைகளில் பாதி புரியாது. மீதிப் பாதி நன்றாகவே புரியும்.

1938இல் கார்ப்பெண்ட்டர் என்ற அமெரிக்கர் இந்தியாவிலிருந்து 409 ரீஸஸ் குரங்குகளைக் கப்பலேற்றிக்கொண்டுபோய் கரீபியன் கடலில், போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாந்தியாகோ என்ற சிறு தீவில் விட்டார். வட இந்தியாவின் செம்முகக் குரங்கு அது. அதன் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. அந்தத் தீவின் ஆண்களை ஆராய்ந்து கானவே, ஸேட் என்ற இருவர் 1965இல் எழுதினார்கள்: இணையும் பருவத்தில் விரைகள் பருக்கின்றன, விந்தணு உற்பத்தியாகிறது, குட்டி போடும் பருவத்தில் விரைகள் சுருங்கிவிடுகின்றன, உற்பத்தி அநேகமாக நின்றுவிடுகிறது. அடுத்த பருவம் நெருங்கும்போது மறுபடி தொடங்குகிறது. அதுவரை, பருவம் என்பது பெண்ணுக்கு வருவது, ஆண் எப்போதும் தயார் என்பதுதான் பொதுவான எண்ணம். படித்தவர்களுக்கும் அதுதான் எண்ணம், மண்டபத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற என் மாமாக்களுக்கும் அதுதான் எண்ணம். 1976இல் மூன்று வருஷக் கணக்கோடு வேறொரு கட்டுரை வந்தது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் வருஷத்தோடு ஏறி இறங்குகிறது என்று அது காட்டியது. நம் நாட்டுக் குரங்கை கலிபோர்னியாவில் கூண்டில் வைத்து அளந்திருக்கிறார்கள், 1979இல். அங்கேயும் பருவத்தோடு ஏற்ற இறக்கம் உண்டு.

எது இதை ஏற்றி இறக்குகிறது? ஒரு பதில், வெளிச்சம். மூளையில் பினியல் சுரப்பி இரவில் மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். உடம்பு அதை வைத்து மாதத்தைத் தெரிந்துகொள்கிறது. 1992இல் ரீஸஸ் ஆண்களைச் செயற்கை விளக்கில் வைத்துப் பகலைக் குறுக்கிப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோனும் விரையின் அளவும் கூடின. பகலை நீட்டியபோது குறைந்தன.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கவிதையல்ல, பயிர்க்கடன். டெல்டாவில் கடன் கொடுக்கிற கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த விஷயம் வேறு பெயரில் தெரியும். பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பருவத்துக்குக் கட்டுப்பட்டவை. கொஞ்சம் முன்னால் விதைத்தாலும் பின்னால் விதைத்தாலும், பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அவை கதிர் கட்டும். தஞ்சாவூரில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். சம்பாவுக்கு அந்த வித்தியாசம் போதும். குறுவை அப்படியல்ல. 1960களில் இங்கேயே ஆடுதுறைப் பண்ணையிலிருந்து வெளிவந்த ஆடுதுறை 27க்கு சுமார் 105 நாள்; தண்ணீரைக் கொடுத்தால் நாளை எண்ணி அறுக்கலாம். ஒரு பெரியவர், சிட்டா அடங்கலை என் மேஜையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சம்பாவுக்கு ஆகாசந்தான் கணக்கு தம்பி. குறுவைக்கு மேட்டூர்தான் கணக்கு."

வங்கிக்கும்கூட இது தெரியும். மற்றக் கடன்களில் 90 நாள் தவணை தவறினால் வாராக்கடன். பயிர்க்கடனுக்கு மட்டும் நாளை எண்ணாமல் சாகுபடிப் பருவத்தை எண்ணுகிறார்கள். நிலம் சும்மா கிடக்கும் மாதங்களை யாரும் நிலத்தின் குறையாகச் சொல்வதில்லை. அதற்குத் தரிசு என்று ஒரு சொல் இருக்கிறது, கோடை உழவு என்று ஒரு வேலையும் இருக்கிறது.

அந்த வருஷம் என் மாமனார் வீட்டிலிருந்து ஒரு மூட்டை மாப்பிள்ளைச் சம்பா வந்து இறங்கியது. புது மாப்பிள்ளை இதைச் சாப்பிட்டு இளவட்டக்கல்லைத் தூக்குவான் என்பது ஐதீகம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் போன்றவர்கள் தேடித்தேடிக் காப்பாற்றிய பழைய ரகங்களில் இதுவும் உண்டு. சிவப்பரிசி, வேக நேரம் பிடிக்கும். என் மாமனார் ஒன்றும் சொல்லாமல் இறக்கிவிட்டுப் போனார். ஏழு வருஷத்தில் என்னைப் பற்றி யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்பதற்கு அந்த மூட்டை ஒன்றுதான் அத்தாட்சி. அதைக்கூட அரிசியாகத்தான் சொல்ல முடிந்திருக்கிறது. என் மனைவி இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கஞ்சி வைத்தாள். 'இது நூத்தம்பது நாளுக்கு மேல ஆகுற நெல்லு' என்றேன். 'நமக்கு ஏழு வருஷம்' என்றாள்.

வெளிச்சம் ஒரு பதில்தான். இன்னொரு பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

வேண்டன்பர்க் என்பவர் 1969இல் இதைச் செய்து பார்த்தார். பருவமில்லாத காலத்தில் சோர்ந்திருந்த ரீஸஸ் ஆண்களோடு, ஈஸ்ட்ரோஜன் கொடுத்துத் தயாராக்கப்பட்ட பெண்களைச் சேர்த்து வைத்தார். வெளியே மாதம் மாறவில்லை. ஆனால் ஆண்கள் மாறின. பருவத்தில் சிவப்பதுபோல் அவற்றின் தோல் சிவந்தது, இணைய ஆரம்பித்தன. 1974இல் திறந்த வெளியில் திரியும் கூட்டங்களிலும் இதைக் கண்டார்கள். ஆகாசம் சொல்வதைப் போலவே பக்கத்தில் இருப்பவர் சொல்வதையும் உடம்பு கேட்கிறது.

1972இல் ரோஸ், கார்டன், பெர்ன்ஸ்டைன் மூவரும் எழுதியது இரண்டு மூன்று பக்கக் கட்டுரை. பெண்களோடு விடப்பட்ட ரீஸஸ் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியது. அதே ஆண்களைக் கொண்டுபோய், முன்பே நிலைபெற்றுவிட்ட ஆண்களின் கூட்டத்தில் விட்டார்கள். அடிபட்டு, தோற்று, மூலையில் ஒடுங்கின. அளவு மளமளவென்று விழுந்தது. மறுபடி பெண்களோடு விட்டபோது மறுபடி ஏறியது. காபோனில் மாண்ட்ரில் குரங்குகளைப் பார்த்தவர்கள் 2001இல் எழுதியதும் இதோடு சேர்கிறது: தலைமைக்கு வந்த ஆணுக்கு விரை பெருக்கிறது, முகத்தின் சிவப்பு ஏறுகிறது, தலைமை போனதும் குறைகிறது.

நாம் நினைத்துக்கொண்டிருப்பது இதற்கு நேர் எதிர். ஆணுக்குள் ஆண்மை என்று ஒரு சரக்கு இருக்கிறது, அதன் பலத்தில் அவன் ஜெயிக்கிறான், பெண்ணை அடைகிறான் என்று நினைக்கிறோம். இங்கே முதலில் ஜெயம், முதலில் சேர்க்கை, அதற்கப்புறம்தான் சரக்கு. மற்றவர்கள் கொடுத்து, மற்றவர்கள் பிடுங்கிக்கொள்கிற ஒன்றை அவன் தன் சொந்த ஆஸ்தி என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

இந்த இடத்தில் சுக்ரீவனை நினைக்காமலிருக்க முடியவில்லை. அண்ணனிடம் அடிபட்டு, மனைவியைப் பறிகொடுத்து, வாலி வர முடியாத ஒரு மலையில் நாலைந்து பேரோடு ஒடுங்கிக் கிடந்தவன். வாலி விழுந்ததும் நாடு வருகிறது, மனைவி வருகிறாள், மழைக்காலமும் வருகிறது. மழை விட்டதும் படையோடு வருவதாகச் சொன்ன வாக்கை மறந்து அந்தப்புரத்தில் கிடக்கிறான். லட்சுமணன் கோபத்தோடு வந்து நிற்க, தாரை வந்து சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. தோல்வி, வெற்றி, சேர்க்கை, கார்காலம். ஆய்வுக்கூடத்தின் வரிசை அப்படியே இருக்கிறது.

உடனே, தேரழுந்தூர்க் கம்பனுக்கு அன்றைக்கே ஹார்மோன் தெரிந்திருந்தது என்று யாராவது மேடையேறிவிடப் போகிறார்கள். தெரிந்திருக்கவில்லை. வால்மீகிக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது, மழைக்காலத்துக் கூரையைப் பார்த்த எங்கள் கடைநிலை ஊழியருக்குத் தெரிந்ததுதான். அது கொஞ்சமல்ல. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, பிற்காலத்தில் நாம் அந்தக் கதையை வாசித்த விதம். பருவத்தில் அகப்பட்ட சுக்ரீவனைச் சபலக்காரன் என்று கண்டிக்கிறோம். பருவமே தீண்டாத அனுமனைக் கும்பிடுகிறோம். ஏறி இறங்குகிற ஆண் நமக்குச் சங்கடமாக இருக்கிறான். எப்போதும் ஒரே அளவில் நிற்கிறவன்தான் வேண்டும், பிரம்மசாரியாகவாவது.

நம் இலக்கணமும் இப்படித்தான். தொல்காப்பிய மரபியல் ஆண் குரங்குக்குக் கடுவன் என்றும், பெண்ணுக்கு மந்தி என்றும் பெயர் வகுக்கிறது. இன்றும் டெல்டாவில் கடுவன் பூனை என்கிறோம். பயிருக்குக்கூட நிலைக்கொரு சொல் வைத்திருக்கிறோம்: தூர் கட்டுகிறது, தொண்டைக் கதிராக இருக்கிறது, பால் பிடிக்கிறது. எல்லாம் சூலின் சொற்கள். கடுவனுக்கு மட்டும் ஒரே சொல், பன்னிரண்டு மாதத்துக்கும். அது ஓய்ந்திருக்கும் மாதங்களுக்குச் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் பொய் சுலபமாக நுழைகிறது என்பதை நான் என் விஷயத்தில் தெரிந்துகொண்டேன்.

விமர்சனத்துக்கு வருகிறேன், அதுதானே இந்தப் பக்கங்களின் தொழில். 'ஆண்மை மிக்க நடை' என்று நாம் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்? ஆண்மை, ஆளுமை இரண்டும் 'ஆள்' என்ற ஒரே வேரிலிருந்து வருபவை. இரண்டையும் பாராட்டுப் பத்திரமாகவே வைத்திருக்கிறோம். பிடிக்காததைச் சொல்ல வேண்டும் என்றால் எதிர்ப்பதமும் தயாராக இருக்கிறது. மூன்று வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில் ஒரு நண்பரின் தொகுப்பைப் பற்றி எழுதும்போது 'மலட்டுக் கவிதைகள்' என்று எழுதினேன். அச்சில் பார்த்தபோது அந்தச் சொல் எனக்குத் திருப்தியாக இருந்தது. அவர் அதற்கப்புறம் எழுதவில்லை. என் சொல்லால்தான் என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அகம்பாவம் இல்லை. ஆனால் தோற்கடிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். என் அலமாரியில் அந்த இதழுக்கும் அடுத்த இதழுக்கும் நடுவில்தான் பரிசோதனைக் காகிதத்தைச் செருகியிருந்தேன் என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன். தற்செயல்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

குரங்கிலிருந்து ஆறுதல் எடுத்துக்கொள்வதில் ஒரு மோசடி இருக்கிறது. எனக்கு இப்போது காலம் இல்லை, அவ்வளவுதான் என்று பதினான்கு மாதம் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். மனிதன் ரீஸஸ் அல்ல. கோடையில் மனிதனின் எண்ணிக்கை சற்றுக் குறைவதாகப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அது சிறிய ஏற்றத்தாழ்வு, கடை மூடுவதல்ல. அதோடு என் காகிதம் வந்தது தை மாதத்தில். கோடையைக்கூட நான் சாட்சிக்கு அழைக்க முடியாது. மனிதனுக்கு ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கிறது. டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னதற்கு அர்த்தம் அதுதான். காய்ச்சலோ வேறெதுவோ ஒரு முறை கெடுத்ததை அடுத்த முறை காட்டாது. அதாவது காலத்தை மதிக்கத்தான் அவர் சொன்னார். நான் காலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு காலத்தைக் கடத்தினேன். குரங்குக்கு மூலையில் ஒடுங்க ஓர் ஆண் கூட்டம் தேவைப்பட்டது. எனக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு காகிதமே போதுமானதாக இருந்தது. அப்படி ஒடுங்கியவன் நிம்மதியாக இருக்க, வீட்டில் இன்னொருத்தி ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பங்குனி. கூரையில் புதுக் குட்டிகள் வந்துவிட்டன. தாட்டான் பழையபடி முகட்டில். ஐப்பசியில் கடித்துத் துரத்திய அதே ஆணுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. இவர்களுக்குள் ஒரு வருத்தமும் மிஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. அன்று ராத்திரி அலமாரியைத் திறந்து காகிதத்தை எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

அவள் ஆங்கிலத்தை மெதுவாகத்தான் படிப்பாள். எண்களைப் படித்தாள். பிறகு தேதியைப் படித்தாள்.

"இது போன வருஷத்துத் தை."

"ஆமா."

"பதினாலு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இதுல எனக்கு வருத்தம் இல்லங்க. இது யாருக்கும் வரும்" என்று எண்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு விரலைத் தேதிக்கு நகர்த்தினாள். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கானவே, ஸேட், வேண்டன்பர்க் எல்லோரும் நினைவில் இருந்தார்கள். ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள். பேசாததைவிட அது கஷ்டமாக இருந்தது. பத்தாவது நாள், "அந்த மூணு மாசத்துப் பரிசோதனைக்கு எப்பப் போறீங்க?" என்றாள். சித்திரையில் போனோம், இருவரும். குரங்குகளுக்குக் காலமில்லாத மாதம். எனக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது என்று தெரிந்தே போனேன்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். ஏழு வருஷப் பழக்கம். என் மனைவி கையை நீட்டிப் படிவத்தை வாங்கினாள், பேனாவைத் திறந்தாள், நிறுத்தினாள். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்து, "பேஷண்ட் யாருங்க?" என்றாள்.

நாள் முழுக்கப் படிவங்களைப் பிறரிடம் நீட்டி, இங்கே, இங்கே, இங்கே என்று கையெழுத்துப் போட வைப்பவன் நான். "நான்தான்" என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொண்டேன். பெயர், வயது, விலாசம். விலாசத்தில் ஆடுதுறை என்று எழுதினேன்.

இரண்டாவது காகிதத்தில் என்ன வந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவளுக்குத் தெரியும், அதே நாளில் தெரியும். இப்போது ஆவணி பிறந்துவிட்டது. தாட்டான் இன்னும் முகட்டில்தான் இருக்கிறது. நேற்று மதியம் ஒருமுறை எழுந்து நின்று கூரையின் மறுகோடியைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்துகொண்டது.